நடுவில் வைத்த பெட்டி

நாட்டில் இரண்டு பேர் ஒரே செய்தியை ஒரே மாதிரி கேட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அதைச் சாதனை என்று சொல்லி விருது வாங்கிய இடத்தில்தான் எனக்கு வேலை.

தேசியப் பொது ஒலிபரப்பு வாரியம், தென்மண்டல நிலையம். நான் செய்தி ஆசிரியர். பெயர் உலகம்மாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் கனிந்து, "பரவாயில்லையே" என்பார்கள். அந்தப் பரவாயில்லையே எனக்கு ஆகாது.

நிலையத்தின் வாசலில் பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: எல்லோருக்கும் உண்மை. எல்லோருக்கும் சம மரியாதை. ஒருவரும் விடுபடாமல். நேர்முகத் தேர்வில், இதில் எந்த வரி பிடிக்கும் என்று கேட்டார்கள். "மூணாவது. விடுபட்டவங்க வீட்டுல இருந்துதான் வர்றேன்" என்றேன். கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை கிடைத்தது.

செய்தியை நாங்கள் ஒரு தடவைதான் எழுதுவோம். அதற்கு மூலம் என்று பெயர். மூலம் நிலையத்தை விட்டு வெளியேறியதும் இணக்கி அதைக் கையில் எடுத்துக்கொள்ளும். இணக்கி என்பது ஒரு இயந்திர அறிவு. ஒவ்வொரு வீட்டு ரேடியோப் பெட்டியும் அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஆளைத் தெரிந்து வைத்திருக்கும். எந்த வட்டாரம், எந்தச் செய்திக்குச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், எதற்கு அமத்துகிறார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். அதற்கேற்ப மூலத்தை அந்த வீட்டுப் பேச்சில், அந்த வீடு தாங்குகிற பதத்தில் சொல்லும். கைபேசியில் வருகிற அரசு எச்சரிக்கைகளும் இதே இணக்கி வழியாகத்தான் போகும்.

இதைக் கொண்டுவரப் போராடியவர்களில் எங்கள் நிலைய இயக்குநர் செண்பகராமனும் ஒருவர். மோசமான மனிதர் இல்லை. "ஒரு காலத்துல வெள்ள எச்சரிக்கையை எப்படி வாசிச்சோம் தெரியுமா? விநாடிக்கு இத்தனை கனஅடி நீர் வெளியேற்றம். யாருக்கும்மா புரியும்? பாதி சனம் எங்களைக் கேக்கிறதையே விட்டுட்டாங்க. கேக்காத உண்மையால யாருக்குப் பிரயோசனம்?" என்பார். அதற்குப் பதில் சொல்ல நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் மேற்கே மலையில் விடாமல் மழை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அணையிலிருந்து தகவல் வந்துவிட்டது. மூன்று மணிக்கு எல்லா மதகுகளையும் திறக்கிறார்கள். ஆற்றங்கரை ஊர்கள் உடனே மேட்டுக்குப் போக வேண்டும். நான் மூலத்தை எழுதினேன். சுற்றி வளைக்காமல், ஊர்ப் பெயர்களோடு, "உயிருக்கு ஆபத்து" என்ற சொல்லோடு.

எங்கள் நிலையத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பணியறை அலமாரி மேல் ஒரு சாதாரணப் பெட்டி இருக்கும். கடையில் விற்கிற அதே பெட்டி. ஒலிபரப்பானதும் ஸ்டுடியோவில் கேட்காமல் அந்தப் பெட்டியில்தான் கேட்டுச் சரிபார்ப்போம். சனங்கள் கேட்பதை நாமும் கேட்க வேண்டும் என்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ ஏற்படுத்திய வழக்கம். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெட்டி கணீரென்று சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. உயிருக்கு ஆபத்து. ஊர்ப் பெயர்கள். உடனே வெளியேறவும்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார் செண்பகராமன். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அம்மா போனில் கூப்பிட்டாள். எங்கள் ஊர் நாணல்புதூர். வீடு ஆற்றங்கரைத் தெருவில். நான் எழுதிய பட்டியலில் மூன்றாவது பெயர்.

"கிளம்பிட்டீங்களாம்மா?"

"கிளம்பிட்டே இருக்கோம்ட்டி. கோமதி, பேச்சிமுத்து பொண்டாட்டி எல்லாரும் வாராவ. போர்வையெல்லாம் அழுக்கேறிக் கெடக்கு, ஒரே முக்கா முக்கிருவோம்னுட்டு."

"எங்க முக்க?"

"ஆத்துலதான். உன் ரேடியோதான சொல்லுச்சு, ஆத்துல தண்ணி கூடுது தாயி, சாக்கிரதையா பொழங்கிக்கோங்கன்னு. இத்தன நாளா கணுக்கால் தண்ணியில கெடந்து அல்லாடுதோம். புதுத்தண்ணி வந்தா போர்வ பளிச்சுனு இருக்கும்லா?"

டப்பாவை மூடினேன். "அம்மா, வேற என்ன சொல்லுச்சு? ஆபத்துன்னு சொல்லலியா? ஊர் பேரச் சொல்லலியா?"

"ஆபத்தெல்லாம் ஒண்ணுஞ் சொல்லல. நல்லபடியாத்தான் சொல்லுச்சு. சரி வையி, இவளுவ நிக்காளுவ. போனு வீட்டுல கெடக்கட்டும், தண்ணியில விழுந்துரும். ரேடியோவ மட்டும் தூக்கிட்டுப் போறோம்."

"அம்மா! ஆத்துக்குப் போவாத..."

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஊர் நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டேன். "அறிவிப்பு செஞ்சாச்சும்மா, மைக் கட்டிச் சொல்லியாச்சு" என்றார். எந்தத் தெருவில் என்று கேட்டேன். மேலத்தெருவில் என்றார். ஆற்றங்கரைத் தெருவுக்கு வண்டி இறங்காதாம், சேறாம். கால் இறங்குமா என்று கேட்டேன். இணைப்பு அறுந்தது.

எங்கள் பொறியாளர் எட்வின், நாகர்கோவில்காரர். அவர் அறைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். திரையில் ஆற்றங்கரைத் தெருப் பெட்டிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க தெருவுல எல்லாரும் பீடி சுத்துறவங்களா மக்கா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"செய்தி ஆரம்பிச்சாலே அமத்திடறாங்க. பாட்டு வந்தா திரும்பப் போடறாங்க. வருஷக்கணக்கா இப்படித்தான்."

எனக்குத் தெரியாததா? அந்தப் பீடி வட்டத்தில் உட்கார்ந்து இலை வெட்டித்தானே படித்தேன். பீடி சுற்றும்போது பாட்டுக்குக் கை ஓடும். கெட்ட செய்தி வந்தால் கை நிற்கும். கை நின்றால் சாயங்காலம் கட்டு குறையும். அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு ஒரு பொறுப்பு உண்டு: செய்தி வந்ததும் அமத்துவது. எங்கள் வட்டத்தில் அது கோமதி மதினி. அதிலும் பதவியில் இருக்கிற பெரிய மனிதர்கள் பேச்சு என்றால், அதற்கு முன்னால் போடுகிற முன்னிசை ஒலிக்கும்போதே மதினியின் விரல் போய்விடும்.

"அதனால இணக்கி என்ன செஞ்சிருக்குன்னா," என்றார் எட்வின், "அமத்தாத அளவுக்குச் செய்தியை மெல்ல மெல்லக் கரைச்சிருக்கு. பாட்டுக்கு நடுவுல, சிரிச்ச குரல்ல, ரெண்டு வரி. இப்ப அமத்த மாட்டாங்க. கேக்கறவங்க எண்ணிக்கையில உங்க தெருதான் மண்டலத்துலயே முதல் இடம்."

"பணியறைப் பெட்டியில சரியாத்தானே வந்துச்சு அண்ணே!"

எட்வின் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும்.

"அந்தப் பெட்டி யாரு பேச்சைக் கேட்டு வளருது? நம்ம பேச்சை. நமக்கு முழுச் செய்தி வேணும், ஒரு சொல் மாறக்கூடாது. மாறினா நீங்க கத்துவீங்க, சார் கத்துவாரு. அது நம்மளத் தெரிஞ்சு வச்சிருக்கு. நமக்குப் பிடிச்ச ஒலிபரப்பை நமக்குச் சொல்லிட்டிருக்கு."

இத்தனை வருஷம் நாங்கள் சனங்களின் காதால் கேட்பதாக நினைத்துக்கொண்டு எங்கள் காதாலேயே கேட்டிருக்கிறோம். உண்மையைச் சொல்கிறோம் என்ற எங்கள் திருப்தியையும் அதே இணக்கிதான் எங்களுக்குப் பதமாகப் பரிமாறியிருக்கிறது.

"மூலம் அப்படியே போற பெட்டியே கிடையாதா?"

"புதுப்பெட்டிக்குப் போகும். ஆளைத் தெரிஞ்சுக்கிற வரைக்கும். யார் கேக்கறாங்கன்னு புரியலன்னா மூலத்தைத்தான் சொல்லும், வேற வழி இல்ல அதுக்கு."

"இப்ப ஆத்துல இருக்கிற பெட்டிக்கு?"

அவர் தயங்கினார். "மாண்பமை வழி ஒண்ணுதான்."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நிலையிலும். பதவியில் இருப்பவர்கள் நாட்டுக்கு உரையாற்றினால் அதில் ஓர் எழுத்தையும் இணக்கி தொடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதற்கென்று தனி வழி. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்பதைக் கரைக்கலாம். அவர்கள் வாழ்த்துச் சொல்வதைக் கரைக்கக்கூடாது.

வழியைத் திறக்க இயக்குநரின் கட்டைவிரல் ரேகை வேண்டும். செண்பகராமன் அறைக்குப் போனோம். கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"டெல்லிக்கு எழுதணும். தகுதி இல்லாதவங்க அதுல பேசினா எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா உலகம்மா? மாவட்ட ஆட்சியருக்குப் பேசறேன். ஜீப் அனுப்பச் சொல்றேன்."

"ஜீப் போய்ச் சேரும்போது எங்கம்மா போர்வையோட கடலுக்குப் போயிருப்பா சார்."

"உணர்ச்சிவசப்படாதே."

"ஏன் படக்கூடாது? கேக்காத உண்மையால யாருக்குப் பிரயோசனம்னு கேப்பீங்கல்ல? இப்ப அவங்க கேக்கறாங்க. நல்லாக் கேக்கறாங்க. முதல் இடம் சார் எங்க தெரு! கேட்டுட்டுத்தான் ஆத்துக்குள்ள எறங்கறாங்க."

சுவரில் இணக்கிக்கு வாங்கிய விருது மாட்டியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து எங்களுக்கு முன்னால் ஸ்டுடியோவுக்கு நடந்தார். ரேகைக் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார். வியர்வை ஈரத்தில் முதல் தடவை ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"பேசு" என்றார். "பெயரைச் சொல்லிப் பேசு. பின்னால யார்னு தேட வேண்டாம்."

மைக் முன்னால் உட்கார்ந்ததும்தான் எனக்கு அந்த முன்னிசை ஞாபகம் வந்தது. "எட்வின் அண்ணே, அந்த மியூசிக் வேண்டாம்!"

"வழியோட சேந்தது அது. எடுக்க முடியாது."

சிவப்பு விளக்கு எரிந்தது. நாதஸ்வரமும் முரசுமாக இசை பொங்கியது. கோமதி மதினி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்க்க நடப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. நான் இசை முடியக் காத்திருக்கவில்லை. அதற்கு மேலேயே கத்தினேன்.

"மதினி, அமத்தாதீங்க! கோமதி மதினி! நாணல்புதூர் கோமதி மதினி, ரேடியோ மேல கைய வைக்காதீங்க! நான் பேச்சித்தாய் மக உலகு பேசுதேன். அம்மா, போர்வையப் போட்டுட்டு ஏறு! அணையத் தொறக்கப் போறாங்க. கணுக்கால் தண்ணி இல்லம்மா, ஆளு முங்குற தண்ணி. பேச்சிமுத்து பொண்டாட்டி, புள்ளையத் தூக்கு. துணி போனாப் போவுது. ஏறு, ஏறு, பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடு!"

அப்புறம்தான் மற்ற ஊர்ப் பெயர்களைப் பட்டியலைப் பார்த்து வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன். நான்கு மாவட்டங்களில் ஒவ்வொரு பெட்டியும், பணக்காரப் பெட்டியும் ஏழைப் பெட்டியும், ஆட்சியர் வீட்டுப் பெட்டியும், அதே குரலில் அதே சொற்களைச் சொன்னது. வெளியே வந்தேன். செண்பகராமன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மூன்று மணிக்கு மதகுகள் திறந்தன. அம்மாவின் குரலைக் கேட்க இருட்டிவிட்டது. யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"ஏட்டி, மானத்த வாங்கிட்டியே! நாலு சில்லாவும் எம்பேரக் கேட்டுருக்கு. கோமதி என்னைய ஏசுதா, அவ ரேடியோவ அமத்துறவன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சாம்."

பின்னால் மதினியின் குரல்: "கேளுக்கா, அந்தக் கழுதைகிட்ட என் போர்வைக்கு யாரு பதில் சொல்லுவான்னு கேளு!" பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். நானும்.

மறுநாள் காலையில் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். நாணல்புதூர் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. தண்ணீர் மேலத்தெருவையும் விட்டு வைக்கவில்லை. ஆனால் அங்கேயும் மேலத்தெருக்காரர்கள் வகுப்பறைக்குள், எங்கள் தெருக்காரர்கள் வராந்தாவில். ஆற்றில் எது போனாலும் அது போகாது.

ஆற்றோடு கீழே போனால் சூளைக்குடியிருப்பு இருக்கிறது. செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். அதன் பெயரையும் வாசித்தேன். ஆனால் நடுவில், பட்டியலில். அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் வராந்தாவில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"பாட்டு வந்துச்சும்மா, பெரியவங்க பேச்சுக்கு முன்னால வருமே, அது. அமத்திட்டோம்" என்றார். "பலவேசமும் அவன் பொண்டாட்டி முப்பிடாதியும் செங்கலுக்குத் தார்ப்பாய் மூடப் போனாங்க. வரல."

எனக்கு அந்தக் குடியிருப்பில் யார் பெயரும் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். அதை நினைக்காத நாள் இல்லை.

செய்தி நேரம் வந்தது. வகுப்பறைக்குள் ஒரு பெட்டி, ஓய்வுபெற்ற தாசில்தார் வைகுண்டத்துடையது. வராந்தாவில் ஒரு பெட்டி, எங்கள் அம்மாவுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசின.

அம்மா பெட்டி குழைந்தது: "ஆத்துல நேத்து கொஞ்சம் வெள்ளம் வந்துச்சு தாயி. எல்லாருக்கும் நல்ல சாப்பாடு போடுறாவ. நம்ம நிலையத்துல வேலை பாக்குற உலகம்மாவுக்கு ஓய்வு குடுத்துருக்காவ."

"பாத்தியா, ஓய்வாம். நல்ல மனுசங்க" என்றாள் அம்மா.

உள்ளே வைகுண்டம் பெட்டி முறுக்கிக்கொண்டு சொன்னது: "அரசின் துரித நடவடிக்கையால் வெள்ளம் கட்டுக்குள் உள்ளது. மாண்பமை வழியில் ஒழுங்கீனமாக நுழைந்த ஊழியர் மீது கடும் நடவடிக்கை."

இரண்டிலும் பலவேசம் இல்லை. முப்பிடாதி இல்லை.

வைகுண்டம் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கடும் நடவடிக்கையாமே?" என்றார். "ஓய்வுன்னுதான சொன்னான்!" என்று எங்கள் தெரு எழுந்தது. "பொய் சொல்லுதீரு!" "யாரு பொய் சொல்லுதா? என் ரேடியோ சொல்லுச்சு!" "எங்க ரேடியோவும் அதே கவர்மெண்டு ரேடியோதான்வே!"

கொஞ்சம் விட்டால் அடித்துக்கொண்டிருப்பார்கள். வெள்ள நாளில் கால் மணிக்கொரு தரம் செய்தி திரும்ப வரும். எனக்கு எட்வின் சொன்னது நினைவுக்கு வந்தது. யார் கேக்கறாங்கன்னு புரியலன்னா.

நான் அம்மா பெட்டியைத் தூக்கினேன். முற்றத்தில் கொடிக்கம்பத்து மேடை இருந்தது. அதன்மேல் வைத்தேன். "எல்லாரும் இங்க வாங்க" என்றேன். "உள்ள இருக்கிறவங்களும்தான். சுத்தி நின்னு சண்டை போடுங்க. பேசுங்க. நல்லாச் சத்தமாப் பேசுங்க."

"அவுகளோடயா?" என்றது வகுப்பறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தண்ணிக்குப் பயந்து ஒரே மாடியில ராத்திரி முழுக்கக் கெடந்தீங்கள்ல? முற்றத்துல நிக்கறதுல என்ன கொறஞ்சிரும்?"

வைகுண்டம்தான் முதலில் இறங்கினார். நல்ல எண்ணத்தில் அல்ல. தன் பெட்டி சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க. அவர் பின்னால் மற்றவர்கள். பேச்சு எழுந்தது. மேலத்தெரு நீட்டல், எங்கள் தெரு வெட்டல், சூளைக்காரர்களின் வெளியூர்ப் பேச்சு, குழந்தை அழுகை. பெட்டியின் சிறு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகித் துடித்தது. ஒரு தடவை "தாயி" என்று தொடங்கியது, நிறுத்தியது. "மாண்பு" என்று தொடங்கியது, நிறுத்தியது. பிறகு யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குரலில், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பணியறையில் மட்டுமே கேட்ட குரலில், செய்தி வாசித்தது.

"நேற்றைய வெள்ளத்தில் சூளைக்குடியிருப்பைச் சேர்ந்த பலவேசம், அவர் மனைவி முப்பிடாதி ஆகியோர் உயிரிழந்தனர். எச்சரிக்கை பல வீடுகளுக்கு உரிய முறையில் சென்று சேரவில்லை."

முற்றம் அடங்கியது. சூளைக்குடியிருப்புப் போர்வைக்காரர் தரையில் உட்கார்ந்தார். வைகுண்டம் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அனுமதியின்றி மாண்பமை வழியில் பேசிய செய்தி ஆசிரியர் உலகம்மாள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழியைத் திறந்துவிட்ட நிலைய இயக்குநர் செண்பகராமன் இடமாற்றம் செய்யப்பட்டார்."

எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. என் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்து சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லும் தப்பில்லை.

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்னட்டி இது? வேலையே போச்சா?" கோமதி மதினிக்குப் பொறுக்கவில்லை. பழக்கம். கெட்ட செய்தி. பெட்டியை நோக்கிக் கை நீண்டது.

"அமத்தாதீங்க மதினி."

"உன்னையத்தான்ட்டி சொல்லுதான் பாவி!"

"சொல்லட்டும். முழுசும் கேப்போம்."

மதினியின் கை அந்தரத்தில் நின்றது.

"மலைப்பகுதியில் மழை நீடிப்பதால் இன்று மாலை அணை மீண்டும் திறக்கப்படுகிறது. சூளைக்குடியிருப்பு, ஓடைக்கரை, கீழத்தோப்பு ஆகிய இடங்களில் எஞ்சியிருப்போர் நண்பகலுக்குள் வெளியேற வேண்டும். உயிருக்கு ஆபத்து."

போர்வைக்காரர் துள்ளி எழுந்தார். "ஓடைக்கரையில ஆளு இருக்கு! எங்க ஆளுங்க பொழுது விடிஞ்சதும் அங்க இறங்கிட்டாங்க, தண்ணி வடிஞ்சிருச்சுன்னு!"

"அவங்ககிட்ட பெட்டி இருக்கா?" என்றேன்.

"இருக்கு. ஆனா அது..." அவர் மேலே சொல்லவில்லை. அது அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று அந்த முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் இப்போது தெரிந்திருந்தது.

வைகுண்டம் மேலத்தெருப் பக்கம் திரும்பினார். "டிராக்டர் சாவி எவன்டே வச்சிருக்கான்? எடுத்துட்டு வா. கயிறும் எடு." பிறகு என்னிடம், "ஏம்மா, நீயும் ஏறு. அங்க இருக்கிறவன் பேரெல்லாம் இவன்கிட்ட கேட்டு வச்சுக்கோ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவான்."

நான் ஏறினேன். கோமதி மதினி கொடிக்கம்பத்து மேடையில், பெட்டிக்குப் பக்கத்தில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். யார் கையும் அதன்மேல் படாமல் பார்த்துக்கொண்டாள்.